கயானா என்னும் நீர் நாடு

செட்டிநாட்டிற் பிறந்தவர்க்குப் பூகோளம் என்பது பள்ளிக்கூடத்திற் கற்கும் பாடம் மட்டுமன்று. வீட்டுத் திண்ணையிற் கேட்டு வளரும் கதையுமாகும். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் எழுத்தறியாத ஆச்சிமார்கூட ரங்கூன் எத்திசையில் உள்ளது, மோல்மேனுக்கு எவ்வழியாகச் செல்லவேண்டும், பினாங்குக்கும் சைகோனுக்கும் இடையே எத்தனை நாட் பயணம் என்பவற்றைத் தடையின்றிச் சொல்லிய காலம் ஒன்று இருந்தது. கொண்டுவிக்கப் போனவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பி வந்தார்கள். வருங்கால் பர்மாத் தேக்கும், பேரேடுகளும், அங்குக் கண்டதும் கேட்டதுமான செய்திகளும் உடன் கொணர்ந்தார்கள். ஆதலின், கடல் கடந்த நாடு என்றால் போய்த் திரும்பும் நாடு என்பதே இவ்வட்டாரத்தார் உள்ளத்திற் பதிந்த பொருளாயிற்று.

தமிழர் சென்று, பெரும்பாலும் திரும்பாது போன நாடு ஒன்றைப் பற்றி இங்கு எழுதப் புகுகின்றோம். அது தென் அமெரிக்காக் கண்டத்தின் வடகரையிலுள்ள கயானா. இதனை எழுதத் தூண்டியது நம் விடுதியில் நிகழ்ந்த சிறு வழக்கே. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணியில் 2012 ஆம் ஆண்டு முதன்முறை டெஸ்ட் ஆட்டம் ஆடிய வீரசாமி பெர்மால் என்பவரின் பெயரைப் பழைய ஆட்டக் கணக்கொன்றிற் கண்ட மாணவர் இருவர், "இவர் நம்மவரா, அன்றா?" என்று வாதிட்டு எம்மிடம் வந்தனர். பெர்மால் என்பது பெருமாளே என்று ஒருவர் சாதித்தார். மேற்கிந்தியத் தீவில் பெருமாள் எங்ஙனம் வந்தார் என்று மற்றவர் நகைத்தார். தேசப்படத்தை விரித்தபோது, கயானா தீவே அன்று, பெருநிலத்தின் ஒரு பகுதி என்பது தெரிந்து இருவரும் ஒருங்கே வியந்தனர். ஆங்கிலேயரின் பழைய கரிபியக் குடியேற்றங்களோடு சேர்ந்தமையால், நாடு கண்டத்திற் கிடந்தும் அதன் ஆட்டக்காரர் தீவினரோடு ஆடுகின்றனர். கண்டத்தின் நாடுகளுள் ஆங்கிலத்தை அரசாங்க மொழியாகக் கொண்டதும் இஃது ஒன்றேயாம்.

கயானாவின் கிழக்கே சுரிநாம், தெற்கிலும் தென்மேற்கிலும் பிரேஸில், மேற்கே வெனிசுவேலா, வடக்கே அட்லாண்டிக் சமுத்திரம். தலைநகராகிய ஜார்ஜ்டவுன் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. காரைக்குடி 10 பாகையில் உள்ளது. ஆதலின் வெயிலைப் பொறுத்தவரை நாம் அயலார் அல்லோம். நாட்டின் பரப்பு ஏறத்தாழ 2,15,000 சதுர கிலோமீட்டர். அஃதாவது தமிழ்நாட்டைப்போல் ஒன்றரை மடங்கிற்கும் மேல். இனி மக்கள்தொகையைக் காண்க. 2012 ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏழு லட்சத்து நாற்பத்தேழாயிரம் பேரே அங்கு வாழ்ந்தனர். நம் சிவகங்கை மாவட்டத்தில் 2011 இல் எண்ணப்பட்டோர் பதின்மூன்று லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். நம் மாவட்டத்தைப்போல் ஐம்பது மடங்கு பரந்த நாட்டில் நம்மிற் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே இருந்தனர் என்பதாயிற்று. அவர்களுள்ளும் பத்தில் ஒன்பது பேர் கடலோரத்திலுள்ள குறுகிய நிலத்துண்டிலேயே நெருங்கி வாழ்கின்றனர்; ஏனைய நிலமெல்லாம் காடும் மலையும் புல்வெளியுமாய்க் கிடக்கின்றது.

அவர்கள் ஏன் அவ்வாறு ஓரத்தில் ஒண்டினார்கள் என்பதை அறிந்தாலன்றி அந்நாட்டை அறிந்தவராக மாட்டோம். ஆதலால் கடலோரத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும்.

அமெஸான் மகாநதி கடலிற் கொட்டும் வண்டலை அட்லாண்டிக்கின் நீரோட்டம் வடமேற்காக அடித்துச்சென்று கயானாக் கரையிற் சேர்க்கின்றது. அதனாற் கடல் நீலமாக இராது. கலங்கிய குளத்து நீர்போற் பழுப்பாக இருக்கும். அவ்வண்டலால் உண்டான கரைநிலம் மிக்க செழிப்புடையது. ஆனால் கடல் ஏறிவரும் வேளையில் நீர் நிற்கும் மட்டத்தினும் சில அடி தாழ்ந்தது. காப்பில்லாவிடின் நாளுக்கு இருமுறை கடல் உள்ளே வரும். பின்புறத்திலிருந்தோ காட்டாறுகளின் வெள்ளம் வரும். மேலே வானமும் சும்மா இராது. ஜார்ஜ்டவுனில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,300 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. நமக்கோ ஏறத்தாழ 900 தான். மே முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை ஒரு மழைக்காலம். நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை மற்றொன்று.

இந்நிலத்தை முதலிற் பண்படுத்தத் துணிந்தவர்கள் ஒல்லாந்தர்கள். தம் நாட்டிற் கடலைத் தள்ளி நிலம் எடுத்துப் பழகியவர்கள் ஆதலின், எசெக்கிபோ, டெமராரா, பெர்பிஸ் என்னும் மூன்று ஆற்றுமுகங்களிலும் குடியேறி, அதே முறையை இங்கும் கையாண்டனர். முன்னே கடலுக்கு ஓர் அணை, பின்னே காட்டுவெள்ளத்துக்கு ஓர் அணை, இருபக்கமும் வரப்பணைகள், நடுவே கரும்பு. ஒவ்வொரு தோட்டமும் கடலை நோக்கிய முகப்பிற் குறுகி, உள்நோக்கி நெடுந்தூரம் நீண்டு, கிழித்த நாடாவைப்போல் இருக்கும். இன்றைய கிராமங்கள் அத்தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

அணை கட்டினால் வெளிநீர் நிற்கும். உள்ளே பெய்த மழைநீர் எங்ஙனம் வெளியேறும்? இதற்கென ஏற்பட்டதே அவர்கள் கோக்கர் என வழங்கும் மதகு. கடலணையில் ஒரு வாயில். அதில் ஏற்றி இறக்கும் கனத்த மரக்கதவு. கடல் வற்றும்போது கதவைத் தூக்குவர்; வடிகால் நீர் கடலுக்கு ஓடும். கடல் ஏறும்போது கதவை இறக்கிவிடுவர். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போவதால், கோக்கர் காவலன் இரவென்றும் பகலென்றும் பாராமல் விழித்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் பெரிய நீரேற்றும் பம்புகள் வந்தன. எனினும் கோக்கர்கள் ஒழிந்தில.

செட்டிநாட்டார்க்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும்; ஏனெனில் இது நம் கண்மாயைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாற் போன்றது. நாம் கரை எடுப்பது நீர் போகாதிருத்தற்கு. அவர்கள் கரை எடுப்பது நீர் வாராதிருத்தற்கு. நம் நீர்பாய்ச்சி மடையைத் திறப்பது வயலுக்கு நீர் விட. அவர்களுடைய காவலன் திறப்பது வயலினின்று நீரை விரட்ட. கலுங்கு பாய்ந்தால் நாம் மகிழ்ந்து குலவையிடுவோம். அங்கோ அணை மிஞ்சினால் அழுகுரல் கேட்கும். ஆயினும் ஒன்றில் இருவரும் ஒத்தவர்களே. தோட்டங்களுக்குப் பின்னால் நன்னீரைத் தேக்கி வைக்கும் பெரிய நீர்த்தேக்கங்களும் அவர்களுக்கு உண்டு. கிழக்கு டெமராராவின் தேக்கம் ஏறத்தாழ நம் கண்மாயே. மண்கரை, மதகு, வாய்க்கால் என்று எல்லாம் உண்டு. முன்னே உவர்நீர், பின்னே நன்னீர், இரண்டிற்கும் நடுவே தாழ்ந்து கிடக்கும் ஊர்.

இம்மண்ணையெல்லாம் வெட்டிச் சுமந்தவர் யார்? தோட்ட முதலாளிகள் அல்லர் என்பது சொல்லாமலே விளங்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களே கைமண்வெட்டி கொண்டு இதனைச் செய்தனர். ஒரு சதுர மைல் கரும்புக் கொல்லைக்கு 49 மைல் நீளம் வடிகாலும், போக்குவரவுக்கும் பாசனத்துக்குமாக 16 மைல் மேல்மட்டக் கால்வாயும் வேண்டியிருந்தன என்று 1948 இல் அமைக்கப்பட்ட வென் விசாரணைக் குழுவினர் கணக்கிட்டனர். அந்நாட்டுச் சரித்திர ஆசிரியராகிய வால்ட்டர் ராட்னி தம் நூலில் இக்கணக்கை எடுத்துக்காட்டி, பத்துக் கோடி டன் நனைந்த களிமண்ணாவது இவ்வாறு மனிதர் கையால் பெயர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பதை நினைவூட்டுகின்றார். எகிப்தியக் கூம்புகளை வியந்து பாடப் புத்தகம் எழுதுவோர் இதனை ஏன் எழுதுவதில்லை என்பது எமக்கு விளங்கவில்லை. அணை மண்ணால் ஆனது, கண்ணுக்கு எடுப்பாக இல்லை என்பதாற் போலும்.

1763 இல் பெர்பிஸ் பகுதியில் அடிமைகள் கஃபி என்பவரின் தலைமையிற் கிளர்ந்தெழுந்து பல மாதம் நாட்டைத் தம் கையில் வைத்திருந்தனர். ஆங்கிலேயர் 1803 இற் கைப்பற்றிய குடியேற்றங்கள் 1831 இல் பிரிட்டிஷ் கயானா என ஒன்றாக்கப்பட்டன. 1834 இல் அடிமைமுறை சட்டத்தால் நீக்கப்பெற்று, 1838 ஆகஸ்டு முதல் தேதியோடு எஞ்சிய கட்டும் அறுந்தது. விடுதலை பெற்றோர் தோட்டத்தில் நிற்க விரும்பவில்லை. 1839 இல் 83 பேர் தாம் சேர்த்த காசையெல்லாம் திரட்டிப் பாழாய்க் கிடந்த தோட்டம் ஒன்றை விலைக்கு வாங்கி விக்டோரியா என்னும் கிராமத்தை நிறுவினர். முதலாளிகளுக்கோ ஆட்கள் வேண்டும். அதற்கு முன்பே இந்தியாவின்மேல் அவர்கள் பார்வை விழுந்திருந்தது.

முதலில் வந்த விட்பி, ஹெஸ்பெரஸ் என்னும் இரு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1838 மே 5 ஆம் தேதி கயானாவை அடைந்தன. ஆட்களை வரவழைத்தவருள் முதன்மையானவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியான கிளாட்ஸ்டனுடைய தந்தை. அவருக்குரிய தோட்டம் ஒன்றின் பெயர் விரீடன்ஹூப். ஒல்லாந்த மொழியில் அமைதியும் நம்பிக்கையும் என்று அதற்குப் பொருள். முதலில் வந்தவர்கள் பட்ட அடியும் நோயும் சாவும் இங்கிலாந்திற் பெருங் கூச்சலைக் கிளப்பி, அடுத்த ஆண்டே ஆள் அனுப்புவது நிறுத்தப்படலாயிற்று. 1845 இல் மீண்டும் திறந்தபோது கல்கத்தாவோடு மதராஸ் துறைமுகமும் சேர்ந்தது.

1838 முதல் 1917 வரை கயானாவுக்குச் சென்ற இந்தியர் இரண்டு லட்சத்து முப்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களுள் மதராஸ் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஏறத்தாழப் பதினையாயிரம் பேர். பெரும்பாலோர் 1845க்கும் 1862க்கும் இடையே சென்றவர். பாய்க்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்து, மூன்று மாத அளவில் சென்று சேர்ந்தன. ரங்கூனுக்குச் சில நாளிற் போய்ச்சேர்ந்த நம் வட்டாரத்து வணிகருக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாடு தூரத்தில் மட்டும் இல்லை. வணிகர் தம் பேரேட்டைத் தாமே எழுதினார்; இவர்களுடைய பெயரைப் பிறர் எழுதினார். வணிகர் வீட்டுக்குக் கடிதம் விடுத்தார். இவர்களிற் பெரும்பாலோர் எழுத்தறியார். உடன்படிக்கைக் காலம் முடிந்தபின் இந்தியாவுக்குத் திரும்பினோரும் உண்டு. ஆனால் மதராஸிலிருந்து சென்றோருட் பலர் அம்மண்ணிலேயே தங்கினர். இந்தியா நோக்கிக் குடிமக்களை ஏற்றிய கடைசிக் கப்பலாகிய ரிஸர்ஜெண்ட் 1955 இல் ஜார்ஜ்டவுனை விட்டது.

தமிழ்மொழி அங்கே பேச்சு வழக்கில் நிற்கவில்லை. சிறு கூட்டத்தார் வடநாட்டார் பெருங்கூட்டத்தின் நடுவே வாழ்ந்தனர். பிள்ளைகள் ஆங்கிலக் கலப்பு மொழியையே பேசி வளர்ந்தனர். எஞ்சியது பெயரே. அதுவும் துரைத்தனத்துக் குமாஸ்தா காதிற் பட்டவாறு ஏட்டில் ஏறிய உருவில். பெருமாள் பெர்மால் ஆனார். முனிசாமி மூன்சாமி ஆனார். சின்னப்பன் சின்னபென் ஆனார். ஆறுமுகம் ஆர்மோகன் ஆனார். நாகமுத்து நாகமூட்டு ஆனார். நம் நாட்டில் தந்தையின் பெயர் மகனுக்கு முன்னெழுத்தாகச் சுருங்கும். அங்கே அது வழிவழிக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஆகவே நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கப்பலேறிய முனிசாமி எவரோ, அவர் பெயர் இன்றும் பள்ளி வருகைப் பட்டியில் நாள்தோறும் அழைக்கப்படுகின்றது. அழைப்பவர்க்கும் ஏற்பவர்க்கும் அதன் பொருள் தெரியாது என்பது வேறு.

பெயரேயன்றி வழிபாடும் எஞ்சியது. மதராஸி என்று அங்கு வழங்கப்பெறும் இவர்கள், பெர்பிஸ் பகுதியிலும் பிற இடங்களிலும் மாரியம்மன் கோயில்களை நிறுவினர். காளிமாயி பூஜை என்று ஊரார் சொல்வது இதனையே. வேப்பிலை, மஞ்சள் நீர், கரகம், தப்பு ஆகிய எல்லாம் உண்டு. மதுரைவீரனும் முனீஸ்வரனும் சங்கிலியைப்போல் நீண்ட வேறு பல தெய்வங்களோடு அங்கே நிற்கின்றனர். காரைக்குடி மீனாட்சிபுரத்து முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்துச் செல்வதைக் கண்ட மாணவர் ஒருவர் அங்குச் சென்றால், பாட்டின் சொற்கள் உருமாறியிருந்தும் தப்பின் அடியைக் கேட்ட மாத்திரத்தில் இன்னது என்று அறிவார். நெடுங்காலம் இவ்வழிபாட்டை வெள்ளையர் மட்டுமன்றி வடநாட்டு வழிவந்த இந்தியரும் இழிவாகவே கருதினர். பிற்காலத்தில் அவர்களும் ஆப்பிரிக்க வழியினரும் நோய் தீர்க்க வேண்டி அக்கோயில்களுக்கு வருவோராயினர். கொரண்டைன் கரையில் விம் என்னும் மீன்பிடி கிராமத்தில் இம்மக்கள் வாழ்ந்த வாழ்வை, அவ்வூரிற் பிறந்த மோசஸ் நாகமூட்டு ஆங்கில நவீனமாக எழுதினார். அவரே 2015 முதல் 2020 வரை நாட்டின் பிரதம மந்திரியாகவும் இருந்தார்.

இனி உள்நாட்டைப் பற்றிச் சில சொற்கள். கடலோரத்தைத் தாண்டினால் வெண்மணல் மேடும், அதற்கப்பால் அடர்ந்த காடும் தொடங்கும். எசெக்கிபோ ஆறு 600 மைலுக்கு மேல் ஓடி, கடலிற் கலக்குமிடத்தில் மறுகரை தெரியாதபடி விரிந்து, பெரிய தீவுகளைத் தன்னுள் அடக்கியுள்ளது. அதன் கிளையைச் சார்ந்த பொட்டாரோ ஆற்றில் உள்ளது கையெட்டூர் நீர்வீழ்ச்சி. 741 அடி ஒரே வீழ்ச்சியாக, இடையிற் பாறை தட்டாமல், ஆறு முழுதும் கீழே விழுகின்றது. நம் நாட்டு ஜோக் நீர்வீழ்ச்சி இதனினும் சற்று உயர்ந்ததேயாயினும் கோடையில் நூலாக மெலியும். கையெட்டூரோ ஆண்டு முழுதும் அகன்று விழும். மேற்கெல்லையில் ரொரைமா மலை மூன்று நாடுகள் கூடுமிடத்தில் 9,000 அடிக்கு மேல், தலை வெட்டிய மேசை போல் நிற்கின்றது. தெற்கே ரூபுனூனிப் புல்வெளி. மாடு மேய்ப்போர் நாடு. மக்கூஷி, வாப்பிஷானா, அராவாக், கரிப் முதலிய ஒன்பது பழங்குடியினர் இந்நாட்டின் முதல் மக்கள். நச்சுள்ள மரவள்ளிக் கிழங்கின் சாற்றைக் காய்ச்சி நஞ்சு நீக்கி இவர்கள் செய்யும் கரிய குழம்பில் இறைச்சி நாட்கணக்கிற் கெடாது. இலையில் மனிதக் குழந்தையையும் உட்கார வைக்கத்தக்க பெரிய ஆம்பலை 1837 இல் பெர்பிஸ் ஆற்றிற் கண்டு ஐரோப்பாவிற்கு அறிவித்தவர் ஷோம்பர்க். அது இன்று நாட்டின் தேசிய மலராம்.

பர்மாத் தேக்கிற் சாய்ந்து வளர்ந்த செட்டிநாட்டார்க்கு ஒரு மரத்தையேனும் சொல்லாமல் விடலாகாது. கிரீன்ஹார்ட் என்னும் கயானா மரம் நீரில் மிதக்காமல் அமிழும் கனமுடையது; கடற்புழு எளிதில் அரியாது. அதனால் துறைமுகங்களுக்கும் மதகுக் கதவுகளுக்கும் உலகெங்கும் வாங்கப்பட்டது. நான்ஸென் வடதுருவப் பனிக்கடலுக்குச் செலுத்திய பிராம் என்னும் கப்பலின் வெளித்தோல் இம்மரத்தால் ஆயது. தலைநகரிலுள்ள செயின்ட் ஜார்ஜ் பேராலயம் 1892 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்றது. மரத்தாலேயே 143 அடி உயர்ந்து நிற்கும் அதனைக் காண்போர் மேலே நோக்கியவாறே நின்றுவிடுவர் என்ப. நகரின் பழைய வீடுகளும் மரவீடுகளே. வெள்ளத்துக்கும் வெப்பத்துக்கும் அஞ்சித் தூண்மேல் உயர்த்தப்பட்டவை.

தபாற்றலை சேர்ப்போருக்கு ஒரு செய்தி. 1856 இல் பிரிட்டிஷ் கயானாவில் அவசரத்துக்கு அச்சிட்ட ஒரு சென்ட் தலை ஒன்றை, 1873 இல் டெமராராவில் பன்னிரண்டு வயதுப் பள்ளிச் சிறுவன் ஒருவன் வீட்டுப் பழங் காகிதங்களிற் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். அதே தலை 2014 இல் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. வீட்டிலுள்ள பழைய கடிதக் கட்டுகளை எரிக்குமுன் நம் மாணவர் ஒருமுறை பார்த்துக்கொள்வாராக!

நாடு 1966 மே 26 ஆம் தேதி சுதந்திரம் பெற்று, 1970 இல் குடியரசாயிற்று. 2015 இல் கடலடியிற் பெரும் எண்ணெய் வளம் காணப்பெற்று, 2019 டிசம்பரில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினர். அதன்பின் பணம் வெள்ளமாக வருகின்றது. ஆனால் மற்ற வெள்ளம் நின்றபாடில்லை. 1855 முதல் 1892 வரை பல்லாண்டு கட்டிய கடற்சுவர் தலைநகரைக் காத்து நின்றும், 2005 ஜனவரியிற் பெய்த பெருமழையால் நகரும் கிழக்குக் கரைக் கிராமங்களும் வாரக்கணக்கில் நீரில் நின்றன. உலகெங்கும் எரியும் எண்ணெயால் வெப்பம் ஏறிக் கடல்மட்டம் உயர்கின்றது என விஞ்ஞானிகள் கூறுகின்றனர். கடல்மட்டத்துக்குக் கீழே குடியிருக்கும் ஒரு நாடு எண்ணெய் விற்றுச் சுவரை உயர்த்த வேண்டியிருப்பது விந்தையான நிலைமைதான். எசெக்கிபோவுக்கு மேற்கேயுள்ள நிலம் முழுதும் தனதே என்று வெனிசுவேலா வழக்காடி வருவதும், 2018 இல் அவ்வழக்கு சர்வதேச நீதிமன்றத்தை அடைந்ததும் மாணவர் அறியத்தக்கவை.

போக விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில. இந்தியாவிலிருந்து நேராகச் செல்லும் விமானம் இல்லை. சென்னையிற் புறப்பட்டு லண்டன், நியூயார்க், மயாமி, டொராண்டோ போன்ற நகரொன்றில் மாறிச் செல்லுதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வழியாயின், விமானம் மாறுவதற்கு மட்டுமாயினும் அந்நாட்டு விசா வேண்டும் என்பதை மறவாதிருக்க. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இன்றியமையாதது. அது பரவக்கூடிய நாடுகளிலிருந்து சான்றிதழின்றித் திரும்புவோரை நம் அரசாங்கமே தனியிடத்தில் நிறுத்தி வைக்கும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போடுகின்றனர். புறப்படுவதற்குப் பத்து நாட்கள் முன்னரே போட்டுக்கொள்ளல் வேண்டும். விமானம் இறங்குவது தலைநகருக்குத் தெற்கே 41 கிலோமீட்டரிலுள்ள திமேரியில். அங்கிருந்து நகருக்குச் செல்லும் சாலையில் வண்டிகள் நம் நாட்டைப்போல் இடப்பக்கமே ஓடுகின்றன. கண்டத்தின் பெருநிலத்தில் இவ்வழக்கம் கயானாவிலும் சுரிநாமிலும் மட்டுமே உண்டு. லெத்தெம் அருகே பாலம் கடந்து பிரேஸிலுக்குள் புகும் வண்டிகள் வலப்பக்கம் மாறிக்கொள்ளும்.

ரயில் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. ஜார்ஜ்டவுனிலிருந்து கிழக்குக் கரையில் 1848 இலேயே ரயில் ஓடிற்று. நம் ராயபுரத்தில் முதல் ரயில் புறப்பட்டதற்கு எட்டாண்டு முன்னர். 1970 களில் அதனை எடுத்துவிட்டனர். கடலோர ஊர்களுக்குச் சிற்றுந்துகளும், எசெக்கிபோவின் மேல் பரிக்காவிலிருந்து விசைப்படகுகளும் உண்டு. கையெட்டூருக்கு ஒக்ல் நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்திற் செல்லலாம். கடைத்தெருவுக்குச் சென்றால் 1881 இல் இரும்பாற் கட்டிய ஸ்டாப்ரூக் சந்தையும் அதன் மணிக்கூண்டும் கண்ணிற் படும். இந்துக்களின் விசேஷ நாட்களில் சோறும் ஏழு வகைக் கறியும் ஆம்பல் இலையிற் படைப்பர்; வாழையிலையில் உண்டு பழகியவர்க்கு அதில் அயன்மை தோன்றாது.

கடிதம் விடுப்போரும் தொலைபேசியிற் பேசுவோரும் நேரக் கணக்கை நினைவிற் கொள்க. அவர்கள் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பிந்தியவர்கள். காலை ஒன்பதரைக்கு நம் கல்லூரி மணி அடிக்கும்போது, ஜார்ஜ்டவுனில் நள்ளிரவு பன்னிரண்டு. அவ்வேளையிற் கடல் வற்றியிருக்குமாயின், கரைநெடுக ஏதேனும் ஒரு கோக்கரில் காவலன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவைத் தூக்கிக்கொண்டிருப்பான்.